மண்ணிலிருந்து வரும் காய்ச்சலுக்கு ஓர் ஊசி மருந்து

வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு சேற்றை அள்ளுகிறோம். சில நாளில் காய்ச்சலும் இருமலும் வருகின்றன. கிளினிக் மாத்திரைக்கு அடங்கவில்லை. இனிப்பு நீர் உள்ளவருக்கு இப்படி நேர்ந்தால், மருத்துவர்கள் மெலியோய்டோசிஸ் நோயையும் சந்தேகிப்பார்கள்.

மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது இது. காலில் உள்ள சிறு கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். ஒருவருக்கு நிமோனியா, இன்னொருவருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி என்று ஆளுக்கு ஆள் வேடம் மாறும். 2010இல் பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்நோயும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் கண்டன. எட்டுப் பேர் மாண்டனர்.

பென்சிலினுக்கு இந்தக் கிருமி மசியாது. செஃப்டாசிடைம் என்ற ஆண்டிபயாடிக்தான் இதை மடக்குகிறது. கிருமி தன் செல் சுவரைக் கட்டவிடாமல் அது தடுத்துவிடும். மாத்திரையாகக் கிடைக்காது, ஊசி மட்டுமே. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், பழைய மருந்துகளைப் பெற்ற கடுமையான நோயாளிகளில் 74 விழுக்காட்டினர் இறந்தனர். செஃப்டாசிடைம் பெற்றவர்களில் அது 37 விழுக்காடு. சரிபாதி!

நுரையீரல், சிறுநீர்ப்பாதை, எலும்பு, வயிறு, மூளையுறை, இரத்தம் ஆகியவற்றில் பாக்டீரியா தொற்றினாலும் இம்மருந்தைத் தருவார்கள். சளிக்காய்ச்சலுக்கும் டிங்கிக்கும் இது உதவாது. அவை வைரஸ் நோய்கள். “ஊசி போட்டால் சீக்கிரம் குணமாகும்” என்று கிளினிக்கில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. இது அந்த ரகம் அல்ல.

மெலியோய்டோசிஸ் நோய்க்குக் குறைந்தது 10 முதல் 14 நாள், தினமும் மூன்று நான்கு வேளை இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். காய்ச்சல் இறங்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். மருந்து பலிக்கவில்லை என்று பதறி, கையெழுத்துப் போட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவது இந்தக் கட்டத்தில்தான் பேராபத்து. ஊசி முடிந்தபின் கோ-டிரைமோக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். உடம்பு தேறியதும் அதை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்புவதுண்டு.

கிளினிக்கில் கேட்காவிட்டாலும் சேற்றில் இறங்கியதையும் இனிப்பு நீர் இருப்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மருத்துவர் இம்மருந்தின் அளவைக் குறைத்துத் தருவார்.