மூக்கைப் பாருங்கள், மூக்கை!

மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். புல்வெளியில் இரட்டை இறக்கை விமானம் ஒன்று நிற்கிறது, பக்கத்தில் தொப்பி போட்ட இரண்டு பேர். பின்புறம் திருப்பினால் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நமக்கு அது ஏதோ ஒரு பழைய விமானம். ஊர் பேர் தெரியாத விமானங்களை அடையாளம் காணும் பித்துப் பிடித்தவர்களுக்கோ அன்றைக்குத்தான் தீபாவளி!

பூதக்கண்ணாடி முதலில் எங்கே போகும்? இறக்கைக்கா? இல்லை, மூக்குக்கு! பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1925-இல் பறக்கவிட்ட 'மாத்' விமானத்தில் எஞ்சின் சிலிண்டர்கள் மூடிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு எஞ்சினையே தலைகீழாக மாட்டிவிட்டார்கள். சிலிண்டர்கள் கீழே போயின, புரொப்பெல்லர் மேலே ஏறியது, விமானிக்கும் முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஆக, மூக்கைப் பார்த்தாலே படம் எந்தக் காலத்தது என்று பாதி புரிந்துவிடும்.

அடுத்ததுதான் இறக்கை. பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத். அந்தச் சாய்வு அழகுக்காக வந்ததல்ல. முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு குதிக்க முடியாமல் மேல் இறக்கை மறித்தது. அதை முன்னால் நகர்த்தினார்கள். எடைச் சமநிலை கெட்டது. இறக்கைகளைப் பின்னால் சாய்த்துச் சரிக்கட்டினார்கள். சரி, எஞ்சின் தலைகீழ், இறக்கை மட்டும் நேர் என்றால்? மாத் மேஜர்! மேஜையைத் தட்டிக் கத்துவது இந்த இடத்தில்தான்.

உடம்பில் எழுதியிருக்கும் பதிவெழுத்து தெரிந்துவிட்டால் கொண்டாட்டம். 'ஜி-ஈபி' என்றால் 1928 வாக்கில் முடிந்துபோன பிரிட்டிஷ் வரிசை. 'ஜி-ஏஏ' அதற்கு அடுத்தது. 'விடி' என்றால் நம் இந்தியா. 1930-இல் பிரிட்டிஷ் விமானி ஏமி ஜான்சன் தனியாக ஆஸ்திரேலியா வரை ஓட்டிப்போன 'ஜேசன்' என்ற மாத் விமானத்தின் பதிவெழுத்து ஜி-ஏஏஏஎச். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இத்தனை 'மாத்' எதற்கு? மாத் என்றால் அந்துப்பூச்சி. நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்கு அந்துப்பூச்சிகள் மேல் அப்படி ஒரு மோகம்! புஸ், ஃபாக்ஸ், லெப்பர்ட், ஹார்னெட் என்று வரிசையாகப் பூச்சிப் பெயர்களையே சூட்டினார்கள். ஹார்னெட் மாத்தில் ஒரு குட்டி ரகசியம் உண்டு. முதலில் வந்தவற்றின் இறக்கை நுனி கூர்மை, பிறகு வந்தவற்றில் சதுரம். தரையிறங்கும்போது கூர்நுனி படுத்திய பாடு அப்படி.

கடைசியாக, புதியவர்களைக் கவிழ்க்கும் படம் ஒன்று. கீழே 'டைகர் மாத்' என்று எழுதியிருக்கும். விமானத்துக்கோ ஒற்றை இறக்கை! தலைப்பு எழுதியவரைத் திட்டிவிடாதீர்கள். அதே பெயரில் 1927-இல் ஒரு குட்டிப் பந்தய விமானமும் இருந்தது, டிஎச்.71. செய்தது இரண்டே இரண்டு. ஒன்று 1930-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்து நொறுங்கியது. மற்றொன்று 1940-இல் டி ஹாவிலண்ட் தொழிற்சாலை இருந்த ஹாட்ஃபீல்டு மீது ஜெர்மானியர்கள் குண்டு போட்டபோது அழிந்தது.