காத்தாடி நின்றால் கார்டு செத்ததாக அர்த்தமா? பழைய கிராபிக்ஸ் கார்டைக் காப்பாற்றும் சில நூறு ரூபாய் வேலை!

கல்யாண வீடியோ எடிட்டிங் பாதியில் இருக்கும்போது திரை கறுப்பாகிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் ஓடுகிறது. பிறகு மறுபடியும் அதே கதை. போதாக்குறைக்கு, கேபினட்டுக்குள்ளிருந்து மாவு மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். ``கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுங்க, புதுசு போட்டுடுங்க'' என்று யாராவது சொல்லிவிட்டால், பல ஆயிரம் ரூபாய்க்குச் செலவு வந்துவிட்டது என்று வீடே கவலையில் ஆழ்ந்துவிடும்.

ஆனால், கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் போனது கார்டு அல்ல; அதன்மேல் இருக்கும் காத்தாடிதான். ஒரு கிராபிக்ஸ் கார்டில் சுற்றித் தேயக்கூடிய ஒரே பாகம் ஃபேன். அதனால் முதலில் ஓய்வதும் அதுதான். அதை மட்டும் மாற்றினால், அதே கார்டு இன்னும் சில வருடங்கள் ஓடலாம்.

சென்னையில் இருப்பவருக்கு இது சுலபம். கார்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போய், நரசிங்கபுரம் தெருவில் கடை கடையாகக் காட்டி, பொருத்திப் பார்த்தே வாங்கிவிடலாம். சிவகங்கை மாவட்டம் ஒக்கூரில் இருப்பவருக்கு அப்படியல்ல. காரைக்குடிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால், ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். வந்த ஃபேன் ஒரு மில்லிமீட்டர் பொருந்தாவிட்டாலும் திருப்பி அனுப்பி, மறுபடி காத்திருக்க வேண்டும். வைகாசி முகூர்த்த நேரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கும், புராஜெக்ட் முடிக்க வேண்டிய கல்லூரி மாணவருக்கும் அந்த ஒரு வாரம் பெரிய நஷ்டம். எனவே, சிறிய ஊர்களில் இந்த வேலையின் முக்கால்வாசி ஸ்க்ரூ டிரைவரில் இல்லை; சரியாகக் கண்டுபிடிப்பதிலும் அளப்பதிலும்தான் இருக்கிறது.

வெயில் காலத்தில் ஏன் அதிகம் படுத்துகிறது?

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கனமான சுவர், உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே குளுமை நிற்கும். கிராபிக்ஸ் கார்டிலும் அதே கதைதான். சிப்பின் சூட்டை, மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளாலான ஹீட் சிங்க் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தகடுகளின் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்றைத் தள்ளும் வேலை ஃபேனுடையது.

தகட்டுக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுதான் சூடு வெளியேறும். 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்த கார்டு, 40 டிகிரி வெயில் நாளில் அதே வேலைக்கு ஏறக்குறைய 90 டிகிரிக்குப் போய்விடும். ஃபேன் நன்றாக இருக்கும்போதே இந்த நிலை என்றால், ஃபேன் தளர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். 2016-ல் வந்து இன்றும் பல வீடுகளில் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு என்விடியா நிறுவனம் குறித்திருக்கும் அதிகபட்ச வெப்பம் 94 டிகிரி செல்சியஸ். 1050 டிஐ கார்டுக்கு 97 டிகிரி. அந்த எல்லையை நெருங்கும்போது கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். திரை கறுப்பாவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தற்காப்புதான்.

நின்ற காத்தாடி எல்லாம் பழுதல்ல!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுமார் 2014-லிருந்து வந்த பல கார்டுகளில், சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றவே சுற்றாது. சத்தம் வேண்டாம் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 50, 60 டிகிரியைத் தொட்டபிறகுதான் சுற்ற ஆரம்பிக்கும். எனவே, சும்மா இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, ``ஃபேன் நின்னுபோச்சு'' என்று முடிவு கட்டக் கூடாது.

சரியான சோதனை இதுதான். ஜிபியூ-இசட், ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு கேமையோ வீடியோ எக்ஸ்போர்ட்டையோ ஓடவிடுங்கள். சூடு ஏற ஏற, ஃபேனுக்குப் போகும் கட்டளை 60, 70, 80 சதவிகிதம் என்று உயரும். அதோடு சுற்றும் வேகமும் உயர வேண்டும். கட்டளை 80 சதவிகிதம், சுற்றுவதோ பூஜ்யம் என்றால், ஃபேன் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். சூடு எல்லையை நெருங்கினால் சோதனையை உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை ஒரு விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நல்ல ஃபேன் சில சுற்று சுற்றிவிட்டு மெதுவாக நிற்கும். பழுதானது கரகரவென்று உரசி உடனே நின்றுவிடும். நடுவில் பிடித்து ஆட்டினால் தளதளவென்று ஆடும்.

எதனால் போகிறது?

விலை குறைந்த ஃபேன்களில், நடு அச்சு ஒரு சிறிய குழாய்க்குள் எண்ணெய்ப் பசையில் சுற்றுகிறது. இதை ஸ்லீவ் பேரிங் என்பார்கள். சூட்டில் அந்த எண்ணெய் வறண்டு, தூசியோடு சேர்ந்து களிம்பாகிறது. பால் பேரிங் வைத்த ஃபேன், சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும்.

பழைய கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்க, உலகம் முழுக்க கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் வேறு முறைக்கு மாறியதும் அந்த வேலை முடிந்துபோனது. அந்தக் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிப் நன்றாகவே இருந்தாலும், ஃபேன் தன் ஆயுளில் பெரும்பகுதியை ஏற்கெனவே ஓடி முடித்திருக்கும்.

ஆர்டர் போடும் முன்...

கார்டைக் கழற்றி, ஃபேனின் பின்பக்கத்தையோ நடுவிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் இருக்கும் எழுத்தும் எண்ணும்தான் அதன் ஜாதகம். அதை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் கார்டை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு ஃபேனோடு விற்கின்றன. சில நேரம் ஒரே நிறுவனம்கூட.

அதோடு ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மின்சாரம். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஆம்பியர் 0.35 என்று இருந்தால், புதியதும் அதே அளவோ சற்றுக் குறைவாகவோ இருக்கலாம். அதிகமாக இருக்கக் கூடாது.

இரண்டு, இறக்கையின் விட்டம். ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு நேராக ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும்.

மூன்று, ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு அளவெடுங்கள். இறக்கை அளவு சரியாக இருந்து துளை மாறியதால் வீணாகும் ஆர்டர்கள் உண்டு.

நான்கு, ஒயர். இரண்டு ஒயர் என்றால் மின்சாரம் மட்டும். மூன்று என்றால், சுற்றும் வேகத்தைச் சொல்ல ஒரு ஒயர் கூடுதல். நான்கு என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்த இன்னொன்று. பிளக்கின் வடிவத்தையும் ஒயரின் நீளத்தையும் பாருங்கள்.

ஐந்து, சுற்றும் திசை. இரண்டு ஃபேன் இருக்கும் சில கார்டுகளில் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். இறக்கையின் வளைவு தெரியும்படி போட்டோ எடுத்தால் போதும். இரண்டும் ஒரே வயதுதான் என்பதால், ஜோடியாக மாற்றிவிடுவது நல்லது.

எப்படி மாற்றுவது?

பிளக்கைப் பிடுங்கியபிறகு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிள், கார்டுக்கு வரும் பவர் கேபிள், பின்பக்க ஸ்க்ரூ ஆகியவற்றைக் கழற்றி, மதர்போர்டில் கார்டைப் பிடித்திருக்கும் சிறிய கொக்கியை அழுத்தினால் கார்டு வெளியே வரும்.

இப்போது அவசரப்படாமல் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பல கார்டுகளில் ஃபேனும் பிளாஸ்டிக் மூடியும் மட்டும் தனியாக வந்துவிடும். அப்படி வந்தால், ஹீட் சிங்க்கைத் தொடவே வேண்டாம். கார்டின் பின்னால், சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றினால்தான் ஃபேன் வரும் என்கிற கார்டாக இருந்தால், சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டையும் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதைத் தடவுங்கள். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் ரப்பர் போன்ற தெர்மல் பேடுகள் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

ஃபேனின் பிளக்கைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் பிளக்கை இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பினால் வந்துவிடும். கார்டிலிருக்கும் அந்தச் சிறிய சாக்கெட் பெயர்ந்துவிட்டால், சில நூறு ரூபாய் வேலை சால்டரிங் வரை போய்விடும்.

தூசியைத் துடைக்க மெல்லிய பிரஷ் போதும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம். அதில் ஈரமும் எண்ணெயும் கலந்துவரும். புளோயர் பிடித்தால், ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வரும்வரை என்ன செய்ய?

ஸ்டிக்கரை உரித்து உள்ளே எண்ணெய் விடும் வைத்தியம் பலருக்கும் தெரியும். அச்சு தெரிகிற ஸ்லீவ் பேரிங் ஃபேனில், தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் சில நாள்களோ சில வாரங்களோ ஓடும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிசுபிசுத்து, இருக்கிற சுற்றையும் நிறுத்திவிடும்.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவைப்பதும் தற்காலிகமாக உதவும். டைப்பிங், பிரவுசிங் போன்ற லேசான வேலைக்கு மட்டும்தான் இது, எடிட்டிங்குக்கு அல்ல.

அதே மாதிரி ஃபேன் கிடைக்கவே இல்லையா? உடைந்த ஃபேனையும் மூடியையும் எடுத்துவிட்டு, கேபினட்டுக்குப் போடும் 92 மில்லிமீட்டர் ஃபேனை ஹீட் சிங்க்கின் மேல் பிளாஸ்டிக் டேக்கால் கட்டி, மதர்போர்டின் ஃபேன் சாக்கெட்டில் செருகலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வேலை நடக்கும். மதர்போர்டுக்கு கிராபிக்ஸ் கார்டின் சூடு தெரியாது என்பதால், அந்த ஃபேனை எப்போதும் நல்ல வேகத்தில் சுற்றும்படி பயாஸில் செட் செய்துவிட வேண்டும்.

மாட்டிய பிறகு, முதலில் பார்த்த அதே மென்பொருளைத் திறந்து, 20 நிமிடங்கள் கனமான வேலை கொடுங்கள். சூடு ஏறி, ஓர் இடத்தில் நின்றுவிட்டால் வெற்றி. ஏறிக்கொண்டே போனால் பேஸ்ட்டையும் ஸ்க்ரூக்களையும் மறுபடி பாருங்கள். புது ஃபேனும் சுற்றவில்லை என்றால், கோளாறு கார்டின் சர்க்யூட்டில் இருக்கிறது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

செலவு செய்யத் தகுமா?

திரையில் வண்ணக் கோடுகளும் கட்டங்களும் வந்தாலோ, கருகிய வாசனை அடித்தாலோ ஃபேனுக்குச் செலவு செய்யாதீர்கள்; அது வேறு நோய். வாரன்ட்டி மிச்சம் இருந்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், தாராளமாக மாற்றலாம். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கார்டுகளுக்கு கேம்களுக்கான புதிய டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்தியது. ஆனால், பாதுகாப்பு அப்டேட்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. புத்தம் புதிய கேம்தான் வேண்டும் என்பவர்கள் யோசிக்கலாம். எடிட்டிங், படிப்பு, பழைய கேம் போதும் என்கிற வீடுகளுக்கு, ஒரு ஃபேனின் விலையில் இவ்வளவு காலம் கிடைப்பது லாபம்தான்.

பழுது பார்த்துப் பயன்படுத்துவது இன்று கஞ்சத்தனம் அல்ல, உரிமை. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, `பழுதுபார்க்கும் உரிமை'க்கான இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. பொருள்களைப் பராமரிப்பது, உதிரிபாகம் வாங்குவது பற்றிய தகவல்களை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பதே நோக்கம். புதிய மின்னணுக் கழிவு விதிகளும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.

கழற்றிய பழைய ஃபேனைக் குப்பையோடு போட்டு எரித்துவிடாதீர்கள். அதன் ஸ்டிக்கரின் போட்டோவை அழித்துவிடவும் வேண்டாம். அடுத்த முறை ஃபேன் மாற்ற வேண்டி வந்தால், காரைக்குடிக்குப் பஸ் ஏறாமலே சரியான ஃபேனை வரவழைக்க அந்த ஒரு போட்டோ போதும்.