இடிந்தது, இடித்தார், இடிப்பித்தார்

மாணவர்களே, மும்பை உயர் நீதிமன்றத்தில் அன்றன்று விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலுக்குக் 'காஸ் லிஸ்ட்' என்று பெயர். ஆங்கிலப் பாடத்தில் 'காஸ்' என்றால் காரணம் என்று படித்த உங்களுக்கு இது வியப்பளிக்கலாம். இச்சொல் இலத்தீன் மொழியின் 'கௌசா' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. கௌசா என்பதற்குக் காரணம், வழக்கு என இரு பொருளும் உண்டு. நீங்கள் நாள்தோறும் கூறும் 'பிகாஸ்', 'எக்ஸ்கியூஸ்' ஆகியவையும் அதன் வழிவந்தவையே. எக்ஸ்கியூஸ் என்பதன் பழம்பொருள் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தல் என்பதாகும். வகுப்புக்குத் தாமதமாக வருபவர் அதனை அறிந்துதான் கூறுகிறார் போலும்!

நாம் வழங்கும் 'காரணம்' வடசொல். செய்தல் என்னும் பொருளுடைய 'க்ரு' என்னும் வேரிலிருந்து பிறந்தது. இந்தியின் 'கர்னா', மராத்தியின் 'கரணே' ஆகியவற்றுக்கும் அதுவே வேர். ஆனால், ஒருவர் ஒன்றை நிகழச்செய்தார் என்று கூறத் தமிழுக்குத் தனிச்சொல் வேண்டுவதில்லை. வினைச்சொல்லே உருமாறி அதனை உணர்த்திவிடும். இதுவே தன்வினை பிறவினையாதல்.

திருந்து என்பது திருத்து ஆகும்போது மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. ஆடு என்பது ஆட்டு ஆகும்போது வல்லெழுத்து இரட்டிக்கிறது. செய்வி, கற்பி என்பவற்றில் வி, பி என்னும் விகுதிகள் சேர்கின்றன. இவ்விகுதிகளை நன்னூல் கூறுகிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய பழஞ்சோடிகள் சில எஞ்சியுள்ளன. விழுதல் 'ஃபால்', மரத்தை வீழ்த்துதல் 'ஃபெல்'.

இந்தி அறிந்த உங்களுக்கு இது எளிது. கானா, கிலானா, கில்வானா என்பன முறையே உண், ஊட்டு, ஊட்டுவி என்பவற்றுக்கு நிகரானவை. தாய் தன் கையால் கொடுத்தால் 'ஊட்டினாள்'. வேறொருவரைக் கொண்டு கொடுக்கச் செய்தால் 'ஊட்டுவித்தாள்'. இரண்டிற்கும் 'சாப்பிட வைத்தாள்' என்றே பலர் எழுதுகின்றீர்கள். அதில் யார் கை சோற்றைத் தொட்டது என்பது மறைந்துபோகிறது. மராத்தியின் 'கரவிணே' என்பதிலும் ஒரு 'வி' உண்டு. ஒலி ஒத்திருப்பது கண்டு உறவு கொண்டாட வேண்டா. அது வடமொழியின் 'ஆபய' என்பதிலிருந்து பிராகிருத வழியாக வந்தது. நம் 'வி' திராவிட மொழிகளுக்கே உரியது.

இவ்வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. தாராவியில் வாழும் மாணவர்கள் இதனை என்னினும் நன்கு அறிவர். 'வீடு இடிந்தது' என்றால் மழையோ பழமையோ காரணமாகலாம். செய்தவர் எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை. 'வீட்டை இடித்தார்' என்றால் கடப்பாரை பிடித்த தொழிலாளி கண்முன் நிற்கிறார். 'வீட்டை இடிப்பித்தார்' என்றால், அத்தெருவிற்கே வாராது ஆணையிட்டவர் வெளிப்படுகிறார். மூன்றும் ஒரே வீட்டைப் பற்றியனவாக இருக்கலாம். முதல் வாக்கியத்தை மட்டும் செய்தியில் படிப்பவர் மற்ற இருவரையும் அறியார்.

செயல்: இவ்வாரம் உங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றை இம்மூன்று வடிவிலும் எழுதுக. மூன்றாம் வாக்கியத்தின் எழுவாய் யாரென்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுக.