ஸாலிஸிட்டர் பயிற்சியும் நமது வாலிபர்களும்

சட்டக் கலாசாலைகளில் தேறி வெளிவரும் நமது வாலிபர்களில் சிலர், இந்நாட்டு நியாயஸ்தலங்களில் அட்வகேட்டாகப் பெயரைப் பதிவு செய்துகொள்வதைக் காட்டிலும், லண்டன் மாநகரத்திலுள்ள பெரிய ஸாலிஸிட்டர் ஸ்தாபனம் ஒன்றில் பயிற்சிக்கு அமர்வதையே பெரும் பேறாகக் கருதுகின்றனர். அங்ஙனம் கருதுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2024-ம் வருஷத்தில், பெயர் பெற்ற பெரிய ஸ்தாபனங்கள் சில, பயிற்சி முடிந்து புதிதாக ஸாலிஸிட்டராகும் ஒருவருக்கு வருஷம் 1,50,000 பவுன் ஸம்பளம் என்று அறிவித்தன. அப்போது பயிற்சியின் முதல் வருஷத்திலேயே சுமார் 56,000 பவுன் கிடைத்தது. இத்தொகைகளைக் கேட்டு வியப்பவர் பலர். ஆனால், அந்த வாலிபன் அங்கே என்ன கற்கிறான், எப்படிக் கற்கிறான், அதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்று விசாரிப்பவர் சிலரே. நாம் விசாரிக்க விரும்புவது இதைத்தான்.

இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரு கிளைகளாகப் பிரிந்து நிற்பதை நேயர்கள் அறிவார்கள். நியாயஸ்தலத்தில் எழுந்து நின்று வாதிப்பவர் பெரும்பாலும் பாரிஸ்டர். கக்ஷிக்காரரை நேரில் கண்டு, யோசனை கூறி, தஸ்தாவேஜுகளைத் தயாரித்து, காரியத்தை முடிவு வரை நடத்திச் செல்பவர் ஸாலிஸிட்டர். மகாத்மா காந்தியும் ஜவாஹர்லால் நேருவும் லண்டனில் பெற்றது பாரிஸ்டர் பட்டமேயாகையால், அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். ஸாலிஸிட்டரோ திரைக்குப் பின்னே நிற்பவர். எனினும் உலக வியாபாரத்தின் கடிவாளம் பெரும்பாலும் இந்த இரண்டாமவர் கையிலேயே இருக்கிறது.

இத்தொழிலைக் குருவிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பது அந்நாட்டின் நெடுநாளைய வழக்கம். 1729-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், ஸாலிஸிட்டராக விரும்புவோர் ஒருவரிடம் ஐந்து வருஷம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் கீழ் ஊழியம் செய்திருக்க வேண்டும் என்று விதித்தது. அப்படி அமர்ந்தவருக்கு 'ஆர்ட்டிகிள்டு கிளார்க்' என்று பெயர். அந்நாட்களில் எஜமானர் ஸம்பளம் கொடுக்கவில்லை; மாணாக்கனின் தகப்பனாரே எஜமானருக்குப் பெருந்தொகை காணிக்கையாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே அந்த வாயில் திறந்தது. ஸ்திரீகளுக்கோ அதுவும் திறக்கவில்லை. 1919-ல் சட்டம் மாறிய பிறகு, 1922-லேதான் முதன்முதலாக ஒரு பெண்மணி ஸாலிஸிட்டராக அங்கீகரிக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பழைய பெயர் மறைந்து, 'பயிற்சி ஒப்பந்தம்' என்ற புதுப் பெயர் வந்தது. காணிக்கை ஒழிந்தது, ஸம்பளம் வந்தது.

2021 ஸெப்டம்பர் முதல் மற்றொரு பெரிய மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. ஸாலிஸிட்டர்களை நிர்வகிக்கும் அதிகார சபை, எல்லோருக்கும் பொதுவான ஒரே பரீக்ஷையை ஏற்படுத்தியது. அதன் முதற் பகுதியில் 360 கேள்விகள். இரண்டாம் பகுதியில் கக்ஷிக்காரரிடம் பேசுதல், தஸ்தாவேஜு எழுதுதல், வாதித்தல் முதலிய காரியங்களைச் செய்து காட்ட வேண்டும். இதனோடு இரண்டு வருஷத் தொழில் அநுபவமும் தேவை. அந்த அநுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். எந்த நாட்டுப் பட்டதாரியும் இப்பரீக்ஷைக்கு உட்காரலாம். எனினும் பெரிய ஸ்தாபனங்கள் பழைய இரண்டு வருஷ ஏற்பாட்டையே இன்றும் கையாளுகின்றன.

அந்த இரண்டு வருஷம் ஆறு மாதம் ஆறு மாதமாக நான்கு பாகங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் 'ஸீட்' என்று பெயர். மாணாக்கன் தேர்ந்த ஸாலிஸிட்டர் ஒருவரின் அறையிலோ, அவருக்கு அருகிலோ மேஜை போட்டு உட்கார்ந்து கற்பதால் வந்த பெயர் அது. ஒரு ஸீட் கம்பெனிகளை வாங்கி விற்கும் பகுதியில்; அடுத்தது பாங்குக் கடன்களில்; பின்னொன்று வழக்குகளில். ஹாங்காங், ஸிங்கப்பூர், துபாய், நியூயார்க் போன்ற நகரங்களிலுள்ள கிளையிலோ, கக்ஷிக்காரரான ஒரு கம்பெனியின் காரியாலயத்திலோ ஒரு ஸீட்டைக் கழிப்பதும் உண்டு. 'சர்வதேச ஸ்தாபனம்' என்ற பெயருக்கு மாணாக்கன் நேரில் காணும் பொருள் இதுவே.

அவன் செய்யும் வேலையைக் கண்டால் நமது வாலிபர்களில் பலர் ஏமாற்றம் அடைவார்கள். சட்ட நுணுக்கங்களில் பெரும் வாதம் புரியலாம் என்று சென்றவன், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சாராம்சம் எழுதுகிறான், பக்கங்களுக்கு எண் இடுகிறான், அட்டவணை தயாரிக்கிறான், கூட்டத்தில் பேசியதைக் குறிப்பெழுதுகிறான், கையெழுத்துப் பக்கங்களைச் சேகரிக்கிறான். காரியம் முடிந்த பிறகு அதன் தஸ்தாவேஜுகள் யாவற்றையும் ஒரே தொகுதியாகக் கட்டுவதும் அவன் பொறுப்பே. அந்தத் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பைபிள்'!

இவை குமாஸ்தா வேலைகள் அல்லவா என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்களைக் கூறுவோம்.

ஒரு கம்பெனி பாங்கில் கடன் வாங்கித் தனது ஆஸ்திகளை ஈடு வைக்கிறது. அந்த ஈட்டை 21 நாட்களுக்குள் கம்பெனிப் பதிவுக் காரியாலயத்தில் பதிய வேண்டும் என்பது 2006-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் விதி. பதியத் தவறினால், கம்பெனி நொடித்துப்போகும் நாளில் அந்த ஈடு மற்றக் கடன் கொடுத்தோருக்கு எதிராகச் செல்லாது. கோடிக்கணக்கான பவுன் கொடுத்த பாங்கு, ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். நாள் கடந்தால் நியாயஸ்தலத்தின் அநுமதி தேவை. இந்த நமூனாவைப் பூர்த்தி செய்து அனுப்பும் வேலை பெரும்பாலும் பயிற்சி மாணாக்கனிடமே ஒப்படைக்கப்படுகிறது.

மற்றொன்று கையெழுத்துப் பக்கத்தைப் பற்றியது. முந்திய நகல் ஒன்றில் போட்ட கையெழுத்துப் பக்கத்தைப் பிரித்தெடுத்து, பின்னர் திருத்தப்பட்ட தஸ்தாவேஜோடு சேர்ப்பது ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது. 2008-ல் மெர்க்குரி வழக்கில் லண்டன் ஹைகோர்ட் இதைக் கண்டித்தது. அது முதல் எந்தப் பக்கம், எந்தத் தஸ்தாவேஜைச் சேர்ந்தது, அதை இணைக்க யார் எப்போது அநுமதி கொடுத்தார் என்பதெல்லாம் கணக்காக வைக்கப்படுகின்றன. கையெழுத்துப் பக்கத்தைச் சேகரிக்கும் இளைஞன் வெறும் காகிதத்தைச் சேகரிக்கவில்லை. ஒப்பந்தத்தின் உயிரையே கையில் வைத்திருக்கிறான். சிறிய காரியத்தில் பிழையின்மை, ரகசியத்தைக் காத்தல், தெரியாததைத் தெரியாது என்று கேட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றுமே அந்தப் பயிற்சியின் ஸாரம். அவன் எழுதியதை மேலதிகாரி வரிக்கு வரி திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார். ஒவ்வொரு ஸீட்டின் நடுவிலும் முடிவிலும் குறை நிறைகளை எடுத்துரைக்கிறார். திருத்தப்படுவதை அவமானமாகக் கருதுபவனுக்கு அங்கே இடமில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அந்த ஸ்தாபனங்களில் ஒரு மணி நேரம் பத்துப் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆறு நிமிஷமும் எந்தக் கக்ஷிக்காரரின் காரியத்தில் செலவாயிற்று என்று பதிய வேண்டும். மனிதனுடைய நாள் இங்ஙனம் துண்டு துண்டாக விற்கப்படுகிறது. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது அந்நாட்டில் 1998-ல் ஏற்பட்ட விதி. ஆனால் ஊழியன் தானாகவே கையெழுத்திட்டு அந்தப் பாதுகாப்பை விட்டுவிடலாம் என்றும் அதிலேயே ஒரு வழி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய ஸ்தாபனங்களில் அந்தக் கையெழுத்து வழக்கமாகிவிட்டது. பெரிய ஒப்பந்தம் ஒன்று முடியும் தறுவாயில், இளைஞர்கள் நள்ளிரவு கடந்து வீடு திரும்புவதும், திரும்பாமலே இருப்பதும் ஸாமான்யம்.

அந்தப் பெரிய ஸம்பளம் தொழில் முழுமைக்கும் உரியது என்று எண்ணுவதும் தவறு. மாணாக்கருக்குக் குறைந்தபட்ச ஸம்பளம் இவ்வளவு என்று அதிகார சபை முன்னர் விதித்திருந்தது. 2014-ல் அவ்விதி எடுக்கப்பட்டது. ஏழைகளின் வாடகை வழக்கையும் குடும்ப வழக்கையும் நடத்தும் சிறிய ஸாலிஸிட்டர்களுக்கு ஸர்க்காரின் சட்ட உதவிப் பணமே ஆதாரம். 2012-ம் வருஷத்துச் சட்டத்தினால் அது பெரிதும் குறைக்கப்பட்டது. பாங்குக்குப் பணி செய்யக் கற்பவனுக்குப் பொன் மழை. ஏழைக்குப் பணி செய்யக் கற்பவனுக்கு அரைப்பட்டினி. சிறந்த மூளைகள் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. ஆசியாவின் இரு வியாபாரிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில்கூட, இங்கிலீஷ் சட்டமே செல்லும் என்ற ஷரத்து அடிக்கடி எழுதப்படுகிறது. ஸாம்ராஜ்யம் போயிற்று, அதன் சட்டம் வியாபாரத்தின் பாஷையாக நிலைத்து நிற்கிறது. பழைய ஆதிக்கம் ஒரு காரணமெனினும், அது மட்டும் காரணமன்று. 1895 முதல் நடைபெறும் வர்த்தகக் கோர்ட்டும், தொழிலைக் கவனமாகக் கற்றுக்கொடுத்து வந்த பரம்பரையும் காரணங்களே. வெறும் வெறுப்பினால் இதை எதிர்கொள்ள முடியாது.

அந்நிய ஸ்தாபனங்கள் இங்கே தொழில் நடத்தலாமா என்ற பிரச்னை நமது சென்னை ஹைகோர்ட்டிலேயே எழுந்தது. ஏ. கே. பாலாஜி வழக்கில் 2012-ல் அக்கோர்ட்டும், 2018-ல் ஸுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தன. அந்நிய வக்கீல்கள் இங்கே தொழில் நடத்தலாகாது. ஆனால் தம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி எப்போதாவது வந்து யோசனை கூறிச் செல்லலாம் என்பது அதன் சுருக்கம். பின்னர் 2023-லும் 2025-லும் இந்தியப் பார் கவுன்ஸில் வெளியிட்ட விதிகள், பரஸ்பர உரிமையின் பேரில், நியாயஸ்தலத்துக்கு வராத அந்நியச் சட்ட வேலைக்கு வழி திறந்தன. வாயிலைத் திறப்பதா, மூடுவதா என்ற வாதம் பலமாக நடக்கிறது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் நமது இளைஞர்களை நாம் எப்படிப் பழக்குகிறோம் என்ற கேள்வியோ மெல்லிய குரலிலேயே கேட்கிறது.

1961-ம் வருஷத்து அட்வகேட்டுகள் சட்டத்தில், பயிற்சி பெற்றுப் பரீக்ஷையில் தேறியவரையே சேர்க்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. 1973-ம் வருஷத்துத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1995-ல் பார் கவுன்ஸில் கொண்டுவந்த பயிற்சி விதிகள் 1999-ல் ஸுப்ரீம் கோர்ட்டால் ரத்து செய்யப்பட்டன. பின்னர் பரீக்ஷை மட்டும் வந்தது. அதை நடத்தப் பார் கவுன்ஸிலுக்கு அதிகாரமுண்டு என்று 2023-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர். 1999-ம் வருஷத்து அபிப்பிராயம் நிலைக்காது என்றும் சொன்னார்கள். ஆகவே தடை நீங்கியிருக்கிறது. ஆயினும் பரீக்ஷை வேறு, பயிற்சி வேறு. ஜூனியர் வக்கீல் ஸீனியரின் கட்டுக்களைச் சுமந்து, வாய்தாக் கேட்டு, வருஷக்கணக்கில் காத்திருப்பதை நாம் பயிற்சி என்று அழைத்து வந்திருக்கிறோம். 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூர் ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புமாறு பார் கவுன்ஸிலுக்கு உத்தரவிட்டது. இவ்வுத்தரவு காகிதத்தோடு நில்லாமல் ஒவ்வொரு ஸீனியரின் அறையிலும் நடைமுறைக்கு வர வேண்டும். இல்லையேல், வீட்டில் பணமில்லாத குடியானவனின் மகன் வக்கீல் தொழிலில் நிலைக்க முடியாது. பழைய இங்கிலாந்தின் காணிக்கை முறையை வேறு பெயரில் நாம் நடத்துகிறோம் என்றே பொருளாகும்.

இதற்கு நமக்கு வெளியே சென்று முன்மாதிரி தேட வேண்டியதில்லை. 1903 முதல் ஜோஹானஸ்பர்க்கில் அட்டர்னியாக இருந்த காந்தியடிகள், தம்மிடம் வந்த போலக் என்ற ஆங்கில இளைஞரை ஆர்ட்டிகிள்டு கிளார்க்காக ஏற்றுத் தொழில் கற்பித்தார். தமது காரியதரிசியான ஸோன்யா ஷ்லெஸின் என்ற பெண்மணியையும் 1909-ல் அவ்வாறே பழக்க முயன்றார். பெண் என்ற காரணத்தால் அந்நாட்டு அதிகாரிகள் மறுத்துவிட்டனர். பிரிந்த கக்ஷிகளை ஒன்று சேர்ப்பதே வக்கீலின் உண்மையான கடமை என்று கண்டவரும் அவரே. தொழிலின் முறையோடு தொழிலின் தர்மத்தையும் மாணாக்கன் ஒரே மேஜையில் கற்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

லண்டனுக்குச் செல்லும் வாலிபர்களை நாம் தடுக்கவில்லை. சென்று வாருங்கள், பிழையின்மையைக் கற்று வாருங்கள். ஆனால் ஆறு நிமிஷக் கணக்கை இதயத்தில் எழுதிக்கொண்டு வராதீர்கள். இங்கேயிருக்கும் ஸீனியர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே: உங்கள் அறையில் ஜூனியருக்கு ஒரு மேஜை போடுங்கள், அவர் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள், மாதம் பிறந்தால் கூலியைக் கொடுங்கள். எழுத்து மூலமான ஒப்பந்தமும், இரண்டு வருஷ முறையான பயிற்சியும், நியாயமான ஊதியமும் இந்நாட்டிலேயே ஏற்படுமானால், எந்த அந்நிய ஸ்தாபனம் நமது வாயிலில் வந்து நின்றாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.