வேலியிலிருந்து தொடங்குவோம்

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பத்திற்குக் காணி இருந்தாலும் கைப்பணம் இருப்பதில்லை. விதை, பசளை, மருந்து யாவற்றையும் கடனுக்கு வாங்கிப் பயிரிட்டு, மழை பொய்த்துவிட்டால் கடன் மட்டுமே மிஞ்சும். பணம் இருந்தும் பசளை கிடைக்காத காலத்தையும் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது நவம்பரிலேயே. ஆகவே பசளையின் ஒரு பகுதியையாவது நமது வளவிலேயே உண்டாக்கிக்கொள்வது நல்லது. இதற்கு மரம், கால்நடை, பயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

முதலில் மரம்

மாரி மழை தொடங்கும்போது, கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவையின் முற்றிய கதியால்களை ஐந்து, ஆறு அடி நீளத்தில் வெட்டி வேலியோரம் ஆழமாக நடுங்கள். இடையிடையே பூவரசும் முருங்கையும் நிற்கட்டும். முதல் வருடம் குழை வெட்டாதீர்கள். வேர் பலக்க வேண்டும்.

அடுத்து ஆடு

குழை தழைத்தபின் இரண்டு ஆடுகள் போதும். சீமைக்கிளுவையின் மணம் ஆட்டுக்குப் பழக்கமில்லாதது. சில மணி நேரம் வாடவிட்டு, புல்லுடனும் பூவரசங்குழையுடனும் கலந்து கொடுங்கள். இப்பிலிப்பில் குழையை அளவோடு கொடுங்கள். மிஞ்சினால் ஆட்டின் மயிர் உதிரும். கொட்டிலின் தளத்தை நிலத்திலிருந்து உயர்த்திச் சட்டங்களால் அமைத்தால் ஆடு ஈரத்தில் படுக்காது. புழுக்கையும் கீழே சேரும்.

பின்னர் பயிர்

புழுக்கை, மீதிக் குழை, சருகு ஆகியவற்றைக் கிடங்கில் அடுக்கி, கிடுகால் மூடுங்கள். திறந்து கிடந்தால் சத்தை மழை கழுவிச் செல்லும். உக்கிய எருவைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு இடுங்கள். கச்சான், பயறு, கௌபி ஆகியவை காற்றிலுள்ள நைதரசனை வேரில் சேர்ப்பவை. அறுவடைக்குப் பின் அவற்றின் கொடி மீண்டும் ஆட்டுக்குத் தீனியாகும்.

இரண்டு ஆட்டின் எரு நெல்வயலுக்குப் போதாது. ஆனால் வீட்டுத் தோட்டத்தைத் தாங்கும். மிளகாய் பிழைத்த வருடத்திலும் ஒரு குட்டியை விற்றுப் பிள்ளைகளின் கொப்பி, புத்தகச் செலவைச் சமாளிக்கலாம்.

சொந்தக் காணி இன்னும் கைக்கு வராதவர்கள் என்ன செய்வது? இருக்கும் இடத்திலேயே ஆட்டையும் கோழியையும் வளர்க்கத் தொடங்குங்கள். வேலியில் பத்துக் கதியால்களையாவது நட்டுவையுங்கள். காணி கிடைக்கும் நாளில் ஆடு உங்களுடன் நடந்து வரும். கதியாலையும் வெட்டிச் சென்று புதிய வேலியில் ஊன்றலாம்.