காய்ந்த தரையை நம்பலாமா?

பத்து காஜா அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர் என் தாத்தா. பேரப்பிள்ளைகளுக்கு அவர் அடிக்கடி சொன்ன எச்சரிக்கை இது: “ஈயக்குட்டை ஓரத்துல மண்ணு வெடிச்சுக் கெடந்தா அதுமேல ஏறாதீங்க. மேலதான் காஞ்சிருக்கும்.”

நான் படிவம் 2 படித்தபோது ஒரு வறட்சிக் காலம். குட்டையின் நீர் உள்வாங்கி, ஓரமெல்லாம் ஓடு ஓடாக வெடித்திருந்தது. அங்கே போய் விழுந்த காற்பந்தை எடுக்க என் தம்பி ஓடினான். நான்கு அடிகளைத் தரை தாங்கியது. ஐந்தாவது அடியில் முழங்கால் வரை இறங்கிவிட்டான். தாத்தா ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் படுத்து அவனை இழுத்தார். இன்னும் சில அடிகள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

இன்று பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். மண் இயக்கவியல் பாடம் வந்தபோதுதான் அந்த ஐந்தாவது அடிக்குக் காரணம் புரிந்தது.

நம் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈய வயல்களில் ஒன்று. தஞ்சோங் துவாலாங் சாலையோரம் இன்றும் நிற்கும் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்தது. மற்ற சுரங்கங்களில் மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து, பாலோங் என்ற நீண்ட மரச்சரிவில் ஓடவிட்டார்கள். ஈயத்தாது நீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம்; சாதாரண மணல் 2.65 மடங்குதான். எனவே தாது தங்கிவிடும், மற்றவை ஓடிவிடும். கழிவிலும் கனமான மணல் வாய்க்கால் அருகிலேயே படியும். மாவு போன்ற நுண்ணிய சேறு தூரம் சென்று குட்டையில் தேங்கும். 1985இல் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. மணலும் சேறும் இங்கேயே இருக்கின்றன.

இந்தச் சேறு காயும்போது என்ன நடக்கிறது? கடற்கரையில் மணல்வீடு கட்டியதை நினைத்துப் பாருங்கள். உலர்ந்த மணல் நிற்காது. நீரில் மூழ்கிய மணலும் நிற்காது. ஈரமான மணல் மட்டும் நிற்கும். மணிகளுக்கு இடையே இருக்கும் கொஞ்ச நீர் பிறை வடிவில் வளைந்து, அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இதை உறிஞ்சு விசை என்கிறோம். மணி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு பெரிய விசை. அதனால்தான் காயும் சேறு சுருங்கி, வெடித்து, கல்போல இறுகுகிறது.

ஆனால் இறுகுவது மேற்பரப்பு மட்டும். அந்த ஓடே மூடிபோல ஆகி, அடியிலுள்ள ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. மேலே ஓடு, கீழே கூழ். மழை பெய்தால் நீர் வெடிப்புகளின் வழியே இறங்கும். உறிஞ்சு விசை குறையும். காய்ந்தபோது மணிகள் நெருங்கியதால் கிடைத்த பலத்தில் ஒரு பகுதி மிஞ்சும். உறிஞ்சு விசை தந்த பலம் போய்விடும். அது நீர் கொடுத்த கடன், நீரே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இது குட்டையோரத்துச் சங்கதி மட்டுமல்ல. 2019 ஜனவரி 25ஆம் நாள் பிரேசிலின் புருமாதிஞ்ஞோவில் 86 மீட்டர் உயரமான இரும்புச் சுரங்கக் கழிவு அணை சில விநாடிகளில் உடைந்தது. 270 பேர் மாண்டனர். அந்த அணையில் 2016ஆம் ஆண்டிலேயே கழிவு கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அப்படியிருந்தும் ஏன் உடைந்தது? கழிவு தளர்வாகவும் பெரும்பாலும் நீர் நிறைந்தும் இருந்தது. சுமையால் மெல்ல மெல்ல நெளிந்துகொண்டும் இருந்தது. அதோடு, பலத்த மழையால் மேலடுக்கின் உறிஞ்சு விசையும் குறைந்தது. நிபுணர் குழு கண்டறிந்த காரணங்கள் இவை.

அப்படியானால் காயவைப்பதே வீணா? இல்லை. கழிவை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அது முழுதாகக் காய்ந்தபின் அடுத்த அடுக்கைப் போட்டால் அடிவரை நெருக்கம் கூடும். நீரைப் பிழிந்து எடுத்து, இறுக்கி அடுக்கும் முறையும் இருக்கிறது. பழைய சுரங்க நிலத்தில் தாமான் கட்டும் பொறியாளரும் மேலே தட்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. துளையிட்டு, ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரு கிண்ணத்தில் களிச்சேற்றை நிரப்பி நான்கு நாள் வெயிலில் வையுங்கள். வெடித்ததும் பென்சிலால் அழுத்திப் பாருங்கள். பிறகு வெடிப்பில் நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அழுத்துங்கள். எஸ்பிஎம் இயற்பியல் படிப்பவர்களுக்கு இது நல்ல செயல்திட்டம்.

குட்டையோரத்தில் மட்டும் இந்தச் சோதனையைக் காலால் செய்யாதீர்கள். வெயில் காலத்தில் பந்து விளையாடப் போகும் தம்பி தங்கைகளிடம் என் தாத்தா சொன்னதை நீங்களும் சொல்லுங்கள்.