ஆடிட்டரின் ஃபைலைப் பார்ப்பது யார்?

ஓர் ஆடிட்டர் அலுவலகம் வேலை செய்யும் முறையை இன்னோர் ஆடிட்டர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தருவதற்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் இதைப் 'பியர் ரிவ்யூ' என்றுதான் சொல்கிறார்கள். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது பிறந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், இதற்கென்று ஒரு வாரியத்தை 2002 மார்ச்சில் அமைத்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2022 அக்டோபர் 1 முதல் அமலான வழிகாட்டு நெறிகள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். குதிரை வாங்க வருகிறவர், பல்லும் சுழியும் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். கணக்கு விஷயத்தில் அந்த ஆள்தான் ஆடிட்டர். பியர் ரிவ்யூவுக்கு வருகிறவரோ குதிரையின் பக்கமே போவதில்லை. பல்லைப் பார்த்தீர்களா, நடக்கவிட்டுப் பார்த்தீர்களா, பார்த்ததை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கூட வந்தவரைக் கேட்கிறார். சந்தையில் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை; ஆகவே உவமை இதற்குமேல் நகராது. பியர் ரிவ்யூ முழுக்க முழுக்க எழுதி வைத்ததைப் பற்றியது.

நடைமுறை இப்படிப் போகும். அலுவலகம் வாரியத்துக்கு விண்ணப்பித்து, ஒரு நீண்ட கேள்விப் பட்டியலை நிரப்பித் தருகிறது. பயிற்சி பெற்ற மதிப்பாய்வாளர்களின் பட்டியலிலிருந்து ஒருவர் அமர்த்தப்படுகிறார். மதிப்பாய்வுக்கு உட்படும் அலுவலகத்தோடு கொடுக்கல் வாங்கலோ வேறு ஒட்டுறவோ இல்லாதவராக அவர் இருக்க வேண்டும். பார்ப்பதை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அலுவலகம் செய்த தணிக்கைகளிலிருந்து சிலவற்றை அவரே பொறுக்கி எடுத்து, அந்த ஃபைல்களைப் பிரித்துப் பார்க்கிறார். கட்சிக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. குறை தெரிந்தால் முதலில் அலுவலகத்திடம் சொல்லி, விளக்கம் கேட்டு, பிறகுதான் இறுதி அறிக்கை எழுதுகிறார். அதைப் பார்த்து வாரியம் சான்றிதழ் தருகிறது. அது வழக்கமாக 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

வருகிறவர் கணக்கு ஃபைலோடு நிற்பதில்லை. அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு இருக்கிறதா, மாத உதவித்தொகை ஒழுங்காகப் போகிறதா, ஊழியர்களுக்குப் பயிற்சி நடக்கிறதா என்றும் பார்க்கிறார். ஒருவர் ஆண்டுக்கு 60 வருமான வரித் தணிக்கைகளுக்கு மேல் கையெழுத்திடக் கூடாது என்ற வரம்பு காக்கப்பட்டதா என்பதும் இதில் வரும். உதவித்தொகையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். வவுச்சர் பார்ப்பதில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகளின் கையால்தான் நடக்கிறது. அவர்களைக் கவனிக்காத அலுவலகம் வவுச்சரை மட்டும் கவனித்திருக்கும் என்று நம்புவது கடினம்.

இருந்தாலும் மையப்பொருள் 'ஒர்க்கிங் பேப்பர்' எனப்படும் வேலைத்தாள்கள்தான். எடுத்துக்காட்டாக, ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் வியாபாரியின் ஸ்டாக் கணக்கில் மார்ச் 31 அன்று 400 மூட்டை என்று இருக்கிறது. ஆடிட்டர் குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, திருப்தியோடு கையெழுத்தும் போட்டுவிடுகிறார். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஃபைலில் தேடினால் ஒன்றும் இல்லை. எந்தத் தேதியில் போனார், கூட யார் எண்ணியது, எத்தனை மூட்டையை எடை போட்டார்கள், கணக்குக்கும் கண்ணால் கண்டதற்கும் இருந்த வித்தியாசம் என்ன என்று ஒரு தாள் இருந்தால்தான் மதிப்பாய்வாளரின் கணக்கில் அவர் குடோனுக்குப் போனதாகும். அறிக்கை கையெழுத்தான 60 நாட்களுக்குள் ஃபைலை முழுமையாகக் கட்டி முடிக்க வேண்டும், பொதுவாக 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது 2009 ஏப்ரல் 1 முதல் அமலான தரக்கட்டுப்பாட்டு நியமத்தின் விதி.

இந்தத் தாள் விவகாரம் வெறும் சம்பிரதாயமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அதே 2009-இல் வெளிவந்த சத்யம் கதை போதும். ஹைதராபாதைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு அந்த ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி தன் இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கையிலும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கியில் பணம் இருக்கிறதா என்பது தணிக்கையில் சரிபார்க்க மிக எளிதான விஷயங்களில் ஒன்று. வங்கிக்கு ஆடிட்டரே கடிதம் அனுப்பி, பதிலை வங்கியிடமிருந்து நேரடியாக வாங்கினால் முடிந்தது. சத்யத்தில் அந்தக் கடிதப் போக்குவரத்தை நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் பின்னர் கண்டன. சத்யத்தின் ஆடிட்டராக இருந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் 2011-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும், அங்குள்ள தணிக்கை மேற்பார்வை வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் கட்டின. நடந்தது ஒற்றை ஆடிட்டரின் மறதி என்று விட முடியாது. கட்சிக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் வங்கிக் கடிதத்தை அப்படியே கோப்பில் சேர்ப்பது ஓர் அலுவலகத்தின் பழக்கமாகியிருந்தால், எந்த ஃபைலைப் பிரித்தாலும் அது தெரிந்துவிடும். பியர் ரிவ்யூ பிடிக்க வேண்டியது இத்தகைய பழக்கங்களைத்தான்.

சத்யத்துக்குப் பிறகு, இந்தியப் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி சும்மா இருக்கவில்லை. சென்செக்ஸ், நிஃப்டி பட்டியல்களில் உள்ள நிறுவனங்களின் ஆடிட்டர்களுடைய வேலைத்தாள்களை வேறு ஆடிட்டர்களைக் கொண்டு பார்க்கச் செய்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆடிட்டர், செல்லுபடியாகும் பியர் ரிவ்யூ சான்றிதழ் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு செபி விதிகளில் 33-ஆவது விதியாக நிற்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனம் கோவையில் உள்ள மில்லோ, இயந்திரத் தொழிற்சாலையோ, எதுவானாலும் இது பொருந்தும்.

சான்றிதழுக்கு எல்லை உண்டு. அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் சக மதிப்பாய்வு 1970-களிலேயே வந்துவிட்டது. என்ரான் நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. அதன் ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சன். ஆண்டர்சனை மதிப்பாய்வு செய்த டெலாய்ட், குறை ஒன்றும் இல்லை என்று தந்த அறிக்கை வெளியானது 2002 ஜனவரியில். பொறுக்கி எடுத்த ஃபைல்களில் என்ரான் இல்லை. மாதிரி பார்க்கும் எந்த முறைக்கும் இந்த ஆபத்து உண்டு. கூடவே, இன்று நான் உன்னைப் பார்க்கிறேன், நாளை உன் ஆள் என்னைப் பார்ப்பான் என்ற தயவு உள்ளே புகுந்துவிடும் என்ற குற்றச்சாட்டும் பழையது. அதை முழுவதும் பொய் என்று தள்ள முடியாது. என்ரானுக்குப் பிறகு 2002-இலேயே அமெரிக்கா, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆடிட்டர்களைச் சோதிக்கும் வேலையைத் தொழிலின் கையிலிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுத்தது.

இந்தியாவும் மெல்ல அதே வழிக்கு வந்தது. மத்திய அரசு 2007-இல் தர மதிப்பாய்வு வாரியத்தை அமைத்தது. தலைவரைத் தவிர 10 உறுப்பினர்களில் 5 பேர் அரசின் நியமனம், 5 பேர் கணக்காளர் நிறுவனத்தின் நியமனம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 132-ஆவது பிரிவின்படி தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் 2018 அக்டோபர் 1-ஆம் தேதி உருவானது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பட்டியலில் இல்லாத மிகப் பெரிய பொது நிறுவனங்களும் அதன் வரம்பில் வருகின்றன. இந்த ஆணையத்தால் ஆடிட்டருக்கு அபராதம் விதிக்கவும், தொழில் செய்யத் தடை விதிக்கவும் முடியும். பியர் ரிவ்யூவுக்கு அந்தப் பல் கிடையாது. அதன் வேலை திருத்துவது. தண்டனை வேறு இடத்தில்.

பல காலம் இது பெருநகர அலுவலகங்களின் கவலையாகவே இருந்தது. கணக்காளர் நிறுவனம் வகுத்த கட்டங்கள் அதை மாற்றத் தொடங்கின. 2022 ஏப்ரல் 1 முதல் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையை ஏற்பவர்களுக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் 5 அல்லது அதற்கு மேல் பங்குதாரர்கள் கொண்டு தணிக்கை செய்யும் அலுவலகங்களுக்கும் சான்றிதழ் கட்டாயமானது. அடுத்த கட்டங்களில் 4 பங்குதாரர், 3 பங்குதாரர் என்று வரம்பு இறங்குகிறது. அரசு வங்கிக் கிளைகளின் தணிக்கையும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இவற்றின் தேதிகள் சிலமுறை தள்ளிவைக்கப்பட்டன. அந்தியூர், பவானி, கோபி போன்ற ஊர்களுக்கு வங்கிக் கிளை என்ற சொல்தான் முக்கியம். ஏப்ரல் பிறந்தால் கிளைத் தணிக்கை என்பது சிறிய ஊர் ஆடிட்டர்களுக்குப் பழகிய வேலை.

சிறிய அலுவலகத்தின் சிரமம் வேறு மாதிரியானது. வெற்றிலை வியாபாரியையும் ஜமக்காள முதலாளியையும் இருபது வருடமாகத் தெரிந்த ஆடிட்டருக்கு அவர்களின் தொழில் மனப்பாடம்; எழுதி வைக்கத் தோன்றாது. கேட்டால் எல்லாம் சொல்வார். அந்த அறிவு உண்மையானது, பல நேரம் ஃபைலைவிடக் கூர்மையானதும்கூட. ஆனால் அவர் படுத்துவிட்டால் அதுவும் கூடவே படுத்துவிடுகிறது. அடுத்து வரும் ஆடிட்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய அலுவலகத்துக்காக எழுதப்பட்ட நூறு பக்கக் கையேட்டை வாங்கி அலமாரியில் வைப்பதால் இது தீராது. ஒவ்வொரு தணிக்கைக்கும் என்ன பார்த்தோம், யார் பார்த்தது, என்ன முடிவு என்று அன்றன்றைக்கு இரண்டு தாள் எழுதும் அலுவலகம் பியர் ரிவ்யூவைத் தாண்டிவிடும்.

கடன் கொடுப்பவர், பங்கு வாங்குபவர், கூட்டாளியாகச் சேரப்போகிறவர் என யாரும் ஆடிட்டரிடம் பியர் ரிவ்யூ சான்றிதழ் இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கையில் கிடைத்த கணக்கில் இருக்கும் கையெழுத்து உண்மையானதா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் எல்லாத் தணிக்கை அறிக்கைகளிலும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் இட்டுச் சரிபார்க்கலாம், கட்டணம் இல்லை.